பெட்டி இல்லாத காட்ஸில்லா

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, காட்ஸில்லா பைத்தியம். பண்டாய் நிறுவனத்தின் ‘எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ்’ வகை ஆக்‌ஷன் ஃபிகர் (கைகாலை மடக்கி நிறுத்தும் பொம்மை) ஒன்று, “ஜப்பான் ஒரிஜினல், பெட்டி மட்டும் இல்லை” என்று 2,800 ரூபாய்க்கு வருகிறது. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கவும் வேண்டும், அவன் எடுத்து விளையாடவும் வேண்டும். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அந்த வகைப் பொம்மைகள் ஜப்பானிலேயே பெரும்பாலும் பத்தாயிரம் யென்னை ஒட்டித்தான் விற்கின்றன. நம் பணத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் அதற்குப் பிறகு. அதை 2,800க்குக் கொடுப்பவர் என்ன, தர்மமா செய்கிறார்? ‘பெட்டி மட்டும் இல்லை’, ‘தொழிற்சாலை உபரி’, ‘தரச் சோதனையில் கழித்தது’ எல்லாம் ஒரே ஆள் மாற்றி மாற்றிப் போடும் சட்டைகள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மூன்றாம் நாள் வலது கை தோளோடு கழன்று வந்தது.

பாதத்தடியில் பதிப்புரிமைக் குறி இருக்கிறதே என்பார்கள். அசல் பொம்மையிலிருந்து அச்சு எடுத்தால் அந்த எழுத்தும் கூடவே வந்துவிடும். நீங்கள் வாயைத் திறந்து பாருங்கள். போலியில் பல்லின் வெள்ளை ஈறு வரை வழிந்திருக்கும். முதுகுத் துடுப்புகளுக்கு இடையே உள்ள செதில்கள், கரைந்த சோப்பைப் போல மழுங்கியிருக்கும்.

இனி அலமாரியா, விளையாட்டா என்ற கேள்வி. ஒரே பொம்மையை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. இதன் மூட்டு என்பது, கிண்ணத்துக்குள் உட்கார்ந்த ஒரு சின்ன உருண்டை. உராய்வுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு முறை திருகும்போதும் கொஞ்சம் தேயும். அலமாரியில் ஒருமுறை நிறுத்தியதோடு சரி. உங்கள் மகனோ சாயங்காலத்துக்குள் நூறு முறை திருகிவிடுவான். காட்ஸில்லாவுக்கு வால்தான் மூன்றாவது கால். வால் தளர்ந்தால் மல்லாந்து விழும், துடுப்பு நுனி ஒடியும். பெட்டியில் ‘15 வயதுக்கு மேல்’ என்று போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

நேரில் வாங்கினால் இடுப்பைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். வால் தொங்கக் கூடாது. மேசையில் நிறுத்தி மேசையைத் தட்டுங்கள். தாங்கு கம்பி இல்லாமல் நிற்காததை வாங்காதீர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு காட்ஸில்லாவின் எதிரியான மூன்று தலை மிருகம் கிங் கிடோரா. மூன்று நீளக் கழுத்து, இரண்டு வால், கை கிடையாது, போதாக்குறைக்கு முதுகில் பாய் விரித்தாற்போல இரண்டு இறக்கைகள். அந்தப் பாரம் பின்னால் இழுக்கும், தலைகள் முன்னால் இழுக்கும். அதற்குக் கம்பி கொடுத்தால் அது குறையே அல்ல. கிடோராவைக் கம்பியில்லாமல் நிறுத்திக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சவால் விட்டால்தான் நான் சந்தேகப்படுவேன். நீங்கள் கேட்டது காட்ஸில்லாவைப் பற்றி என்பது நினைவிருக்கிறது. ஆனாலும் பையன் அடுத்து கேட்கப்போவது அதைத்தான்.

இறுகிய மூட்டை முறுக்காதீர்கள். சிறிது நேரம் சுடுநீரில் வைத்தால் இளகும். அலமாரியில் மதிய வெயில் படக் கூடாது. பிவிசி பிளாஸ்டிக் இளகிக் கால் வளையும். காற்றே புகாத கண்ணாடிக்குள் வைத்தால் நாளடைவில் மேலே பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

நியாயமாக வாங்க நினைப்பவரை நம் நாட்டில் படுத்தும் பாடு தனிக்கதை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 14 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் முத்திரையில்லாத போலி தெருமுனையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒற்றைப் பொம்மை வரவழைத்தவர்தான் காகிதத்தோடு அலைகிறார்.

பையனுக்கு பண்டாயின் ‘மூவி மான்ஸ்டர்’ வரிசையில் மெத்தென்ற வினைல் காட்ஸில்லா வாங்கிக் கொடுங்கள். உள்ளே வெறுங்கூடு, மூட்டுகள் சில மட்டுமே, மூன்று வயதிலிருந்தே கொடுக்கலாம். கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. அலமாரிக்கு அசல், பணம் சேர்ந்த பிறகு, பெட்டியோடு. அந்த 2,800 ரூபாய்க்காரர் மறுபடி அழைத்தால், வாயைத் திறந்து பல்லைப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.