மோட்டாரை நிறுத்தினேனா?

கேள்வி: வயது 61. மன்னார்குடி பக்கம் விவசாயம். பம்புசெட் மோட்டாரை நிறுத்தினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, வாரத்தில் மூன்று நாள் சைக்கிளைத் திருப்புகிறேன். ஆனால் 1977 புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அக்காவோ, ‘அப்ப நீ தஞ்சாவூர்ல மாமா வீட்டுல இருந்தேடா’ என்கிறார். எனக்கு மறதி நோயா?

பதில்: திரும்பிப் போனபோது மோட்டார் எத்தனை தடவை ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதவில்லையே! பெரும்பாலும் நின்றுதான் இருந்திருக்கும். கை பழக்கத்தில் நிறுத்திவிட்டது. மனசு உரக்கடை பாக்கியில் இருந்தது. கவனிக்காதது மூளையில் பதியாது. பதியாததை மறந்தேன் என்று எப்படிச் சொல்வது? நானும் கேஸை மூடினேனா என்று கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியவன்தான். சுவிட்சைத் தட்டும்போது ‘நிறுத்தியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சொந்த வயலுக்குப் போகும் வழியே தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொன்னாலோ டாக்டரைப் பாருங்கள். பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும். அந்த மறதிக்கு மருந்து உண்டு.

பதிந்ததும் உடனே வேர் பிடித்துவிடாது. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. நம் நாற்றங்கால் மாதிரி. புது நினைவு அங்கே முளைத்து, நாள்பட, முக்கியமாக நாம் தூங்கும்போது, மூளையின் மேற்பரப்பில் நடவாகிறது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-ல் வலிப்பை நிறுத்துவதற்காக ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பழைய பயிர் பெரும்பாலும் தங்கியது, புது நடவுதான் இல்லை. சற்றுமுன் பேசியவர் வெளியே போய்த் திரும்பினால் மொலைசனுக்குப் புது ஆள்.

இனி அந்த ஓடு. நினைவை எடுக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. ஓட்டையைக் கேட்ட கதையால் அடைக்கிறது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ‘மோதியபோது என்ன வேகம்?’ என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்டவர்களில்தான் அதிகம் பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் அப்படி எதுவுமே இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய அந்தப் புயலைத் திண்ணையில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்!

அதற்காக அக்கா பக்கம் தீர்ப்பு எழுத மாட்டேன். அவருக்கும் அதே மூளைதான். அந்த வருஷம் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? பழைய டிரங்குப் பெட்டியில் டி.சி. இருக்கும், எடுத்துப் பாருங்கள்.