மகனைக் கொழும்புக்கு உதயதேவி ரயிலில் ஏற்றிவிடுவதா, வீட்டிலேயே வைத்திருப்பதா?

அம்மா,

களுவாஞ்சிகுடியில் இருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகன் ஒலுவில் கம்பஸில் சிவில் பொறியியல், மூன்றாம் வருடம். தொழிற்பயிற்சிக்குக் கொழும்பில் ஒரு கட்டட சைட் கிடைத்திருக்கிறது. போர்டிங், சாப்பாடு, பஸ் காசு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துவிட்டு, "மாமாவுக்குத் தெரிந்த கொந்தராத்துக்காரர் பயிற்சி செய்ததாகக் கையெழுத்து வைத்துத் தருவாராம், வீட்டில் இருந்தே முடிக்கலாம்தானே" என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கையெழுத்து மட்டும் வேண்டாம் அம்மா. மற்றதெல்லாம் பேசலாம்.

இந்தப் பயிற்சியில் கம்பஸ் மட்டும் சம்பந்தப்படவில்லை. நைட்டா என்று எல்லோரும் சொல்கிற தொழிற்பயிலுனர் அதிகாரசபையும் இருக்கிறது. மகன் நாளாந்தம் குறிப்பு எழுத வேண்டும், மேற்பார்வை செய்யும் பொறியியலாளர் பார்த்து ஒப்பமிட வேண்டும், முடிவில் நேரில் இருத்திக் கேள்வி கேட்பார்கள். சைட்டுக்குப் போகாதவன் அங்கேதான் மாட்டுவான். கொங்கிறீட்டின் இளக்கம் பார்க்கிற ஸ்லம்ப் டெஸ்ட் எப்படிச் செய்தாய் என்றால், புத்தகம் படித்தவனும் 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பு, மூன்று படை, படைக்கு 25 குத்து என்று ஒப்புவித்துவிடுவான். "சரி, கொங்கிறீட் அளவுக்கு மிஞ்சி இளகி வந்தது, லொறி வாசலில் நிற்கிறது, என்ன செய்தீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. திருப்பி அனுப்பினார்களா, யார் முடிவெடுத்தது, சோதனைக்கு வார்த்த கொங்கிறீட் கியூப்களை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்தபோது என்ன பலம் வந்தது என்பதெல்லாம் வெயிலில் அந்த லொறிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

அதற்காகக் கொழும்புதான் என்றும் நான் சொல்லமாட்டேன். என் காலத்தில் பேர்போன ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். வீட்டில் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள். முதல் ஐந்து கிழமையும் நான் செய்தது போட்டோகொப்பி எடுத்ததும் வரைபடம் மடித்ததும்தான். (மடிப்பதில் இன்றைக்கும் என்னை யாரும் வெல்ல முடியாது.)

சிவில் படிப்பவனுக்கு நம் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உன்னிச்சை, நவகிரி என்று குளங்கள், வாய்க்கால்கள், மதகுகள். வீதி அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது, நீர்வழங்கல் சபை இருக்கிறது. இவர்களிடம் இடம் கிடைக்குமா என்று மகனே பீடத்தின் பயிற்சிப் பிரிவில் கேட்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயிற்சி கார்த்திகை, மார்கழியில் விழுந்தால் மாரி மழையில் மண்வேலை நின்றுவிடும். குளக்கட்டுத் திருத்தப் போனவன் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். அந்த மாதங்களில் கட்டட வேலை இருக்கிற இடம் நல்லது.

கொழும்பு இடத்தை விடுவதற்கு முன் மகன் அங்கே ஒரு கோல் எடுத்துக் கேட்கட்டும். சைட்டில் பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டட் என்ஜினியர்) யாராவது இருக்கிறாரா? வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அத்திவாரமும் தூணும் எழும்பும் நேரமென்றால் கடன்பட்டாவது அனுப்புங்கள். பெயின்ற் அடிக்கிற கட்டம் என்றால் ஊரிலேயே பார்க்கலாம். கொடுப்பனவு தருவார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் ஒன்றும் கிடைக்காது, சில இடங்களில் போக்குவரத்துக்காவது கொடுப்பார்கள்.

மின் பொறியியல் முடித்து வீட்டில் இருக்கும் மூத்த மகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அவள்தான் கூடுதல் கவலை. 2020இல் பட்டதாரிப் பயிலுனர்களை 20,000 ரூபா கொடுப்பனவுடன் அரசு எடுத்ததைப் பார்த்து, அப்படி ஒன்று திரும்ப வரும் என்று இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். விண்ணப்பம் போடட்டும், தடையில்லை. ஆனால் சம்பளம் குறைந்த தனியார் வேலை என்றாலும் இப்போதே ஏறட்டும். பட்டயப் பொறியியலாளர் ஆக அனுபவ வருடங்கள் வேண்டும், வீட்டில் இருந்த வருடம் அதில் சேராது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளராகத் தொழில் செய்ய பொறியியல் பேரவையில் பதிவும் வேண்டும். அதைச் செய்துவிட்டாளா என்று கேளுங்கள்.

மகனுக்கு இப்போதே பாதுகாப்புச் சப்பாத்து வாங்கிவிடாதீர்கள். சில சைட்டில் அவர்களே தருவார்கள், கேட்டுவிட்டு வாங்கலாம்.