செய்தவன் பெயரைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

குளச்சலில் டீக்கடைப் பேச்சு. "ஈரான்காரன் நம்ம பிள்ளையளப் பிடிச்சு வச்சிருக்கான்" என்றார் ஒருவர். என் மச்சினன் அங்கே லாஞ்சில்தான் வேலை பார்க்கிறான். சம்பளப் பாக்கி விஷயத்தில் அவனுக்காகப் பேசியதே உடன் வேலை செய்யும் ஈரானியர்தான். "அரசு வேறு, மக்கள் வேறு, மக்கள் எல்லா நாட்டிலும் நல்லவங்கதான்" என்றேன். சிரித்துவிட்டார்கள். என்ன தப்பு?

வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் பாதி சரி. 'எல்லா நாட்டிலும் நல்லவங்க' என்றீர்களே, அதற்குத்தான் சிரித்திருப்பார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த இருவர் 'என்ரிகா லெக்சி' எண்ணெய்க் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டம், மற்றவர் கொல்லம். 'இத்தாலிக்காரன் சுட்டுட்டான்' என்றுதான் இன்றும் சொல்கிறோம். கப்பல் தனியாருடையது, வழக்கில் சிக்கியவர்கள் அதில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள். அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், எனவே இந்தியா விசாரிக்க முடியாது என்பதே இத்தாலியின் வாதம். 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் அதை ஏற்றது. இழப்பீடு தரவும் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தபின், 2021-ல் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்தது. அரசு வேலையாக நடந்தது என்று அந்த அரசே வாதாடி ஜெயித்திருக்க, நாம் மிலானில் ரொட்டி சுடுகிறவரையும் சேர்த்துத் திட்டுகிறோம்.

அதற்காக இத்தாலிய மக்களுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த வீரர்களைக் கொண்டாடியவர்கள் அங்கே பலர். கொண்டாடியவர்களை அதற்காகக் கேட்கலாம், தாராளமாக. ஓட்டுப்போட்டு அரசை மாற்ற முடிகிறவர்களிடம் கேட்பதை, அது முடியாத நாட்டுக்காரரிடம் கேட்கவும் முடியாது.

உங்கள் ஊர்க் கதையும் இதுதான். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூரிடம் தோற்றது 'டச்சுக்காரன்' என்கிறோம். வந்தது ஒரு வியாபாரக் கம்பெனியின் படை. அதில் பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

அடுத்த முறை கடையில் நல்லவர், கெட்டவர் பேச்சை எடுக்காதீர்கள். 'பிடிச்சது யாரு? கடலோரக் காவல்படையா, துறைமுக ஆபீஸா, சம்பளம் கொடுக்காத முதலாளியா?' என்று கேளுங்கள். மனு யாருக்கு எழுதுவது என்று பேச்சு அங்கே போகும். ஈரானின் துறைமுக நகரான பந்தர் அப்பாஸில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை மச்சினனிடம் இப்போதே கொடுத்துவையுங்கள்.