பதப்படுத்திய மரமா, எஞ்சினியர்டு வுட்டா: கட்டுமான வேலைக்கு எது சரி?

இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. பதப்படுத்துவது என்றால் மரத்துக்கு மருந்தேற்றுவது; அது அழுகலையும் கரையானையும் தடுக்க. எஞ்சினியர்டு வுட் என்பது மரத்தகடுகளையோ பலகைகளையோ அடுக்கி ஒட்டியது; அது, மரம் முறுக்காமல் நேராக நின்று நீளமான இடைவெளியைத் தாங்க. எனவே முதலில் பார்க்க வேண்டியது, மரம் நனையுமா என்பதைத்தான்.

மண்ணில் நடும் தூண், வேலி, திறந்தவெளித் தளத்தின் சட்டம் எல்லாவற்றுக்கும் அழுத்த முறையில் மருந்தேற்றிய மரம்தான். அதிலும் மண்ணைத் தொடும் வேலைக்கென்று தரம் குறித்ததை வாங்குங்கள். போரேட் மருந்து மழையில் கரைந்து போய்விடும், அது கூரைக்குக் கீழே மட்டும். மருந்து பெரும்பாலும் வெளிறு எனப்படும் வெளிப்பகுதியில்தான் இறங்கும், நடுவிலுள்ள வைரப் பகுதியில் அவ்வளவாக ஏறாது. அதனால் அறுத்த இடத்தில் மருந்தில்லாத உள்மரம் திறந்துவிடும். அறுத்த முனையிலும் துளையிலும் காப்பர் நாப்தனேட் என்ற செம்பு மருந்தை ஊறும்வரை பூச வேண்டும்; அறுத்த முனையை மண்ணுக்குள் விடவே கூடாது. பலரும் விட்டுவிடும் வேலை இது, தூண் அழுகத் தொடங்குவதும் இங்கேதான்.

ஏ.சி.க்யூ. போன்ற செம்பு மருந்துகள் சாதாரண இரும்பை அரித்துவிடும். மெல்லிய முலாம் பூசிய திருகும் போதாது. ஹாட் டிப் முறையில், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது அல்லது துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். புதிதாக மருந்தேற்றிய மரம் ஈரமாகவே வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்ச வேண்டும், அதன் பிறகே பெயிண்ட். மருந்தேற்றிய மரத் துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள், புகை நஞ்சு.

உள்ளே, 5–6 மீட்டர் உத்தரம் வேண்டுமென்றால் எல்.வி.எல். (மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டியது) அல்லது க்ளூலம் (பலகைகளை அடுக்கி ஒட்டியது). தரைக்கும் சுவருக்கும் ப்ளைவுட். ப்ளைவுட் பலகைகளுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரத்தில் 150 மி.மீ.க்கு ஒரு திருகு, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று. இடைவெளி விடாமல் நெருக்கினால் ஈரக்காற்றில் விரிந்து மேலெழும்பும்.

மரைன் ப்ளை என்றதும் அது அழுகாது என்று நினைத்துவிடுகிறார்கள். நீரைத் தாங்குவது அதன் பசை. மருந்தேற்றாதவரை உள்ளிருக்கும் மரத்தகடு வெறும் மரம்தான், ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். நனையும் இடத்தில் ப்ளைவுட் தவிர்க்க முடியாதென்றால் மருந்தேற்றியதைக் கேட்டு வாங்கி, நான்கு ஓரங்களையும் சீல் செய்யுங்கள். மர நாரையும் மரத்தூளையும் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் சிங்க்குக்குக் கீழே வைக்கவே வேண்டாம், ஒருமுறை நனைந்து ஊதிப் பெருத்தால் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

ஒரே கட்டடத்தில் இரண்டையும் கலக்கலாம்: கான்கிரீட்டின் மேல் உட்காரும் கீழ்ச்சட்டம் மருந்தேற்றியது, அதற்கு மேல் உலர்ந்தே இருக்கும் உத்தரங்கள் எல்.வி.எல்.