கணக்குக் கேட்க ஓர் ஆள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். விசைப்படகில் வேலை. சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் கரை. மீனை இறக்கிக் கணக்கு முடித்து வீடு வருவதற்குள் பூசை முடிந்துவிடும். பங்கில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கும் இப்போது போவதில்லை. அங்கே செபத்தைவிட ஊர்க்கதைதான் அதிகம். பிரசங்கங்களைப் போனில் இறக்கிவைத்துப் படகிலேயே கேட்கிறேன். ஆண்டவரோடு எனக்கு நேரடி உறவு இருக்கிறது. கூட்டத்துக்குப் போகாதது பாவமா? பைபிளில் எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்களுக்குப் புரிகிற மொழிபெயர்ப்பு எதுவோ அது. ஞாயிறு பூசையைப் பற்றி உங்கள் பங்குச்சாமியிடம் கேளுங்கள். திங்கள், புதன், சனி என்று படகு போகிற கணக்கு அவருக்கும் தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘நேரடி உறவு’தான். கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அன்பியத்தார் செய்கிற தப்பு தெரிகிறது. நீங்கள் செய்கிற தப்பு ஒரு வரிகூட இல்லை. போனுக்குள் இருக்கிற பிரசங்கியார் உங்களிடம் எதையும் கேட்க முடியாது. கேட்டுவிடுவார் போலத் தோன்றினால் விரலால் தள்ளிவிடலாம். அந்த வசதிக்கா இவ்வளவு பெரிய பெயர்?

சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்கிற எபிரெயர் 10:25-ஐக் காட்டி உங்களைக் கூட்டத்துக்கு இழுக்க நான் வரவில்லை. அந்த வசனத்தை வருகைப் பதிவேடாக்கியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். அதற்கு முந்தின வசனத்தில் ‘ஒருவரையொருவர் கவனித்து’ என்று இருக்கிறது. இருபது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பக்கத்தில் இருப்பவர் கடனில் மூழ்குவது தெரியாமலே போகலாம். கூடினால் போதாது, கவனிக்க ஆள் வேண்டும்.

நம் கரையில் இதற்கு உயிரையே கொடுத்தவர் இருக்கிறார். ஓரியூர் மண்ணை எடுத்துப் போகிறோம், யேசு சபைக் குரு அருளானந்தர் எதற்காக அங்கே வெட்டுப்பட்டார் என்று யோசிப்பதில்லை. ஞானஸ்நானம் கேட்டு வந்த தடியத்தேவரிடம் அவர் மனைவியர் கணக்கைக் கேட்டார். ஒருவரோடு மட்டும் வாழச் சொன்னார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அதில் மூண்ட பகைதான் 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தரின் கொலையில் முடிந்தது. (அந்தப் பெண்ணின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு இந்தக் கணக்குக் கேட்பது தண்டலில் ஆரம்பித்தது. 1742-இல் பிரிஸ்டல் ஊரில் தங்கள் செபக்கூடத்தின் கடனை அடைக்க, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் பொறுப்பாகி, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் குடியும் சண்டையும் கண்ணில் பட்டன. வசூலுக்குப் போனவர் ஆத்தும விசாரிப்புக்காரர் ஆனார். அதற்கு முன்பே, 1738-இல், சிறு குழுக்களுக்கு வெஸ்லி கேள்விகள் எழுதிவைத்திருந்தார்: போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன? என்ன சோதனை வந்தது? எப்படித் தப்பித்தீர்கள்?

‘சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல எங்களுக்குத்தான் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, போங்கள். ஆனால் அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே உங்களிடம்கூட அவராக எடுக்க முடியாது. ‘இந்த வாரம் என்ன ஆச்சு?’ என்று கேட்க வேறு ஆள் தேவை.

இப்படி ஒருவரையொருவர் கேட்க மூன்று பேர் போதும். இரண்டு பேர் என்றால் ஒருவர் தப்பை ஒருவர் மூடிக்கொள்வார்கள். நான்கானால் ஒருவர் பேசாமலே தப்பிவிடுவார். மூவரும் ஆண்களாக இருக்கட்டும். உங்களுக்கு முன்பணம் கொடுத்த ஓனர் வேண்டாம், கடன்பட்டவரிடம் உண்மை வராது. மச்சானும் வேண்டாம், சொன்னது அக்கா வழியாக வீட்டுக்கு வந்துசேரும். ஒரே படகு ஆட்களும் வேண்டாம். கரையில் சொன்னது கடலில் சண்டை வரும்போது வெளியே வரும். வெள்ளி சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 15 நிமிடம், பிறகு 10 நிமிடம் செபம். அறிவுரை கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

‘மாம்சத்தில் பலவீனமா இருந்தேன்’ என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்துங்கள். அது ஒன்றும் சொல்லாமல் இருக்க ஒரு வழி. ‘வியாழக்கிழமை பங்குப் பணத்தில் 600 ரூபாய்க்குக் குடித்தேன், வீட்டில் மீன்பாடு குறைவு என்று சொன்னேன்’ என்பதுதான் கணக்கொப்புவிப்பது. நாள், தொகை, யாரிடம் பொய் சொன்னது. அடுத்து, அதற்கு முந்தின ஒரு மணி நேரம் எங்கே, யாரோடு இருந்தார் என்று கேளுங்கள். வழுக்கின இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்த வெள்ளி முதல் கேள்வி அந்த இடத்தைப் பற்றியே.

இனி ரகசியம். இதில்தான் கூட்டங்கள் செத்துப்போகின்றன. உங்கள் அன்பியத்தில் கோள் எந்த உருவில் வருகிறது என்று கவனித்தீர்களா? ‘அந்தத் தம்பிக்காக ரொம்ப பாரத்தோட ஜெபிக்கணும், மறுபடியும் ஆரம்பிச்சிட்டாராம்.’ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் கோள் கோள்தான். வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பாகப் போட்டாலும் அதுவேதான். ஆகவே மனைவியிடம் சொல்லக் கூடாது. சாமியாரிடம் சொல்லக் கூடாது. பெயர் மறைத்தும் சொல்லக் கூடாது. நம் ஊரில் பெயர் மறைத்தால் படகை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாமவர் வராத நாளில் மற்ற இருவரும் அவர் விஷயத்தை எடுக்கவே கூடாது. மீறியவர் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னித்தாலும் அந்த மூவர் மறுபடி கூட வேண்டாம், பேச்சு வராது.

குழந்தைமேல் கை வைத்தது, வீட்டில் அடி, சாகப்போகிறேன் என்ற பேச்சு, இவை மட்டும் ரகசியம் ஆகா. உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் நாளே மூவரும் பேசிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கையில் காசு இருக்காது, பொழுது மட்டும் இருக்கும். தினமும் கூடலாம் என்று யாராவது உற்சாகப்படுவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே வாரத்தில் சலித்துவிடும். வெள்ளி போதும், ஆனால் ஒரு வெள்ளிகூடத் தவறக் கூடாது.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன் தம்பி. அன்பியத்தில் பேசின ஊர்க்கதைகளில் ஒன்று உங்களைப் பற்றியதா? ஆம் என்றால் எனக்கு எழுத வேண்டாம். முதல் வெள்ளி, முதல் 15 நிமிடத்தில் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்