வெங்காயக் காட்டுல பருப்புக்கீரை: திங்கலாமா, ஆட்டுக்குப் போடலாமா?

கேள்வி: சின்ன வெங்காயம் நட்டு ஒரு மாசம் ஆச்சுங்க, காடு பூரா பருப்புக்கீரை படர்ந்து கெடக்கு. களை எடுக்குற கூலியே கட்டுபடியாகல. அம்மா கடைஞ்சு சாப்பிடலாம்ங்கிறாங்க. மீன்ல இருக்கற ஒமேகா 3 இதுல இருக்குன்னு வாட்ஸப்ல வேற வருது, நெசமா? ஆட்டுக்கும் போடலாங்களா?

பதில்: வணக்கம்ங்க. அம்மா சொல்றது சரிதான், நல்ல கீரை. ஆனா காட்டுல என்ன அடிச்சீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே. வெங்காயத்துக்கு பெண்டிமெத்தலின் மாதிரி களைக்கொல்லியும் அப்புறம் இலைப்பேனுக்கு மருந்தும் அடிக்கறது வழக்கம், அப்படி அடிச்சிருந்தா அந்தக் காட்டுக் கீரை இந்தப் போகம் வேண்டாம், கழுவுனா போயிரும்னு நம்பாதீங்க. மருந்து படாத எடத்துல மொளைச்சதைப் பறிங்க. சதைப்பத்தான செவப்புத் தண்டு, மஞ்சப் பூ, இதுதான் அடையாளம். கிள்ளுனா பால் வடிஞ்சா அது வேற செடி, தூக்கிப் போட்டுருங்க.

ஒமேகா 3 விஷயம் பாதி நெசம். 100 கிராம் பச்சைக் கீரையில 300-லிருந்து 400 மில்லிகிராம் வரைக்கும் இருக்கு, ஒரு கீரைக்கு இது ரொம்பவே அதிகம், ஆனா இது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்ங்கற வகை ஒமேகா 3, மீன்ல இருக்கறது ஈபிஏ, டிஹெச்ஏங்கற வேற வகை, நம்ம உடம்பு இதை அதுவா மாத்திக்கிறது கொஞ்சூண்டுதான். அதனால மீனை நிறுத்திட்டு இதைத் திங்கறேன்னு கெளம்பிராதீங்க. பொட்டாசியம் 500 மில்லிகிராம் கிட்ட வருது, மெக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் நல்லாவே இருக்கு.

கெட்டது ஆக்சலேட், அதாவது கால்சியத்தோட சேந்து கிட்னில கல்லாகுற ஒரு பொருள். பாலக்கீரை மாதிரியே இதுலயும் ஜாஸ்தி. கிட்னில கல்லு இருக்கறவங்க தொடவே வேண்டாம். மத்தவங்க வேகவெச்ச தண்ணியை வடிச்சுட்டு பருப்போட கடைஞ்சு, கூட தயிர் ஊத்திக்கிட்டா தயிர்ல இருக்கற கால்சியம் ஆக்சலேட்டைப் புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல சேர்றது கொறையும். அப்புறம் ஒண்ணு, வெயில்ல தண்ணி பத்தாம நிக்கற செடி ராத்திரில மாலிக் அமிலத்தைச் சேத்து வெச்சுக்கும், காலைல பறிச்சா நல்லா புளிக்கும், புளிப்பு ஆகாதுன்னா சாயந்தரமா பறிங்க.

ஆட்டுக்கும் மருந்து அடிச்சது வேண்டாம். அடிக்காததை காஞ்ச தீவனம் கொஞ்சம் தின்ன பெறகு ஒரு கை ரெண்டு கை கலந்து போடலாம். பசியோட இருக்கற ஆட்டுக்குக் குவியலாக் கொட்டிட்டா இந்த ஆக்சலேட்டால ரத்தத்துல கால்சியம் எறங்கி, நடுங்கித் தள்ளாடி விழுந்துரும், அப்படி ஆச்சுன்னா ஒடனே கால்நடை டாக்டரைக் கூப்புடுங்க.

களை எடுக்கறப்ப பூக்கறதுக்கு முன்னாடியே புடுங்கிருங்க. புடுங்குனதை ஈர மண்ணுல போட்டா தண்டுத் துண்டுகூட மறுபடி வேர் விட்டுரும், பூத்த செடியா இருந்தா புடுங்குன பெறகும் விதை முத்தும், அதனால கூடையில அள்ளி காட்டுக்கு வெளிய கொண்டு போய்க் கொட்டுங்க.