கொல்லிமலை ஏற்றமும் டர்போவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டர்போ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடம் பத்து வருடமாக ஒரு டீசல் ஜீப் இருக்கிறது. வாரம் இரண்டு முறை கொல்லிமலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே தொல்லை. வளைவில் வேகம் குறைந்ததும் என்ஜின் துவண்டுவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரண்டு மூன்று நொடி ஒன்றும் நடப்பதில்லை, பிறகு திடீரென்று பாய்கிறது. முன்பு இவ்வளவு மோசமில்லை. வெளிநாட்டுக் கார்களில் டர்போவுடன் சூப்பர்சார்ஜரும் சேர்த்து வைக்கிறார்களாமே! பழைய இறக்குமதி சூப்பர்சார்ஜர் ஒன்று கிடைக்கிறது. டர்போவில் 1 பார், இதில் அரை பார், ஆக ஒன்றரை பார் அழுத்தம் வரும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?

ச., நாமக்கல்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மாட்டாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ‘முன்பு இவ்வளவு மோசமில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டையும் சேர்ப்பது என்பது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டர்போவும் சூப்பர்சார்ஜரும் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிகள். டர்போ, வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுற்றுகிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, அதனால் காற்றும் குறைவு. வளைவில் நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நொடி, டர்போ தன் வேகத்தைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். சூப்பர்சார்ஜர் அப்படியல்ல. என்ஜின் சுற்றும் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுவதால் மிதித்த கணமே காற்றைத் தள்ளும். ஆனால் அந்த வேலைக்கான சக்தியை என்ஜினிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வேகம் ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். சூப்பர்சார்ஜர் தொடக்கத்தில் நல்லது, டர்போ ஓட்டத்தில் நல்லது. ஆகவே சேர்ப்பவர்களின் கவலையெல்லாம் ஒன்றிடமிருந்து இன்னொன்று எப்போது, எப்படி வேலையை வாங்கிக்கொள்வது என்பதுதான்.

லான்சியா டெல்டா எஸ்4 என்ற பந்தயக் கார் 1985இல் வந்தது. 1,759 சிசி மட்டுமே உள்ள நான்கு சிலிண்டர் என்ஜினில் இரண்டையும் வைத்தார்கள். அந்த வருடம் பிரிட்டனில் நடந்த ஆர்.ஏ.சி. ராலியில் முதல் இரண்டு இடங்களும் அந்தக் காருக்கே. வென்ற ஹென்றி டோய்வோனென் ஆறே மாதத்தில், 1986 மே மாதம், கோர்சிகாவில் அதே ரகக் காரில் தன் துணை ஓட்டுநருடன் இறந்துபோனார். அந்தக் கார் ஓடிய ‘குரூப் பி’ என்ற பந்தயப் பிரிவையே அதன் பிறகு நிறுத்திவிட்டார்கள். சாலைக் கார்களில் ஃபோக்ஸ்வாகன் 2005இல் 1.4 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் இதைச் செய்தது. 170 குதிரைத்திறன். என்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் போனால் காந்தக் கிளட்ச் சூப்பர்சார்ஜரை விடுவித்துவிடும், அப்புறம் டர்போ மட்டும்தான். அடுத்த தலைமுறை 1.4 என்ஜினில் சூப்பர்சார்ஜரை எடுத்தே விட்டார்கள். நல்ல சிறிய டர்போ ஒன்றே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யும் காலம் வந்துவிட்டது.

டீசலில் இந்தச் சேர்க்கையின் அழகான வடிவம் நம் கண்முன்னே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய டபிள்யூ.டி.எம்.2 டீசல் ரயில் இன்ஜின் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் நாட்ச்சை, அதாவது ஆக்ஸிலரேட்டர் படியை, கூட்டியதும் கன்னங்கரேலென்று ஒரு புகைத்தூண் எழும். டீசல் உள்ளே போய்விட்டது, டர்போ இன்னும் எழவில்லை, காற்றுப் போதாமல் கரியாகிறது. உங்கள் ஜீப்பின் அதே நோய், 2,600 குதிரைத்திறன் அளவில். 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்து பிறகு வாரணாசியில் தயாரிக்கப்பட்ட டபிள்யூ.டி.ஜி.4 என்ற சரக்கு ரயில் இன்ஜின் வகையின் கதை வேறு. அதில் இருப்பது டூ ஸ்ட்ரோக் டீசல். அந்தப் பிஸ்டன் தானாகக் காற்றை உறிஞ்சாது. யாராவது தள்ளிவிட்டால்தான் சிலிண்டருக்குள் காற்றே வரும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. டர்போவை ஓட்டும் அளவுக்குப் புகை வேண்டுமென்றால் என்ஜின் ஓட வேண்டும், என்ஜின் ஓட வேண்டுமென்றால் காற்று வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். இரண்டு கருவி வைக்கவில்லை. ஒரே டர்போவைப் பல் சக்கரங்கள் வழியாக என்ஜினோடு கோத்து, நடுவில் ஒரு கிளட்ச் வைத்தார்கள். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல்தான் அது. மேட்டில் பெடல் மிதித்துச் சக்கரத்தைச் சுற்றுகிறீர்கள், இறக்கத்தில் கால் நின்றாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. அதேபோல, கீழ் நாட்ச்களில் என்ஜின் பல் சக்கரத்தால் டர்போவைச் சுற்றுகிறது. அப்போது அது சூப்பர்சார்ஜர். மேல் நாட்ச்களில் புகையின் வேகம் அதை முந்திக்கொள்கிறது. கிளட்ச் தானே விலகிவிடும்; இப்போது அது டர்போ. கம்ப்யூட்டர் வேண்டாம், வால்வு வேண்டாம். 4,000 குதிரைத்திறன் இப்படித்தான் சரக்கு ரயிலை இழுக்கிறது.

இனி உங்கள் மெக்கானிக்கின் கணக்கு. ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் அழுத்தங்கள் கூடுவதில்லை, பெருகும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்; அவர் சொல்வது அதற்கு மேல் ஏறும் அளவு. வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒன்று இரண்டு மடங்காக்கி, அதை இன்னொன்று மீண்டும் ஒன்றரை மடங்காக்கினால் மொத்தம் மூன்று மடங்கு. அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறுவது அவர் சொன்ன ஒன்றரை பார் அல்ல, 2 பார். அமுக்கினால் காற்று சூடாகும். அமுக்கும் வேலையில் நஷ்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 30 டிகிரிக் காற்று 140 டிகிரியைத் தாண்டிவிடும். சிலிண்டர் ஹெட்டும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தவிர, டீசலில் காற்று மட்டும் கூடினால் இழுவை கூடாது. டீசல் அளவும் சேர்ந்து கூட வேண்டும், அதை முடிவு செய்வது கம்பெனி எழுதிய கட்டுப்பாட்டு நிரல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிப்பதும் இல்லை. மலையில் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். டர்போவின் தாமதம் என்பது பிறவிக் குணம். முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறது என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. சில வருடங்களுக்கு முன் என் வண்டிக்கும் இதுவே நடந்தது. டர்போவையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பெரிய தொகை. இன்னொரு பட்டறையில் வயதான ஒருவர், டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஹோஸைக் கழற்றி இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் மீன்வாய் மாதிரி திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. வண்டி நிற்கும்போது பார்த்தால் யாருக்கும் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஹோஸை மாற்றியதும் வண்டி பழையபடி ஏறியது.

உங்கள் ஜீப்பில் ஏர் ஃபில்டர், இன்டர்கூலரின் இரண்டு ஹோஸ்கள், அவற்றின் கிளாம்புகள், டர்போவின் மேல் இருக்கும் குழாய் இணைந்த சிறிய டப்பா, இவற்றை இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த டப்பாவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். அதுவரை வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், திரும்பும்போது சுற்று விழாமல் இருக்கும். ஹோஸைக் கழற்றிப் பார்த்தபின் எழுதுங்கள்.